மத்தியானத்து மஃரிப்

பலாபத்வலயில் யாருக்காவது தடிமன், முட்டிவலி, நெஞ்செரிவு என்று ஏதாவது வந்தால் பக்கத்தில் நிற்பவர் வாயில் தயாராக ஒரு பதில் இருக்கும்: "மர்சூக் ஹாஜியாரப் பாருங்க." பார்க்க வேண்டிய மனுசன்தான். எழுபத்தெட்டு வயதில் ஏணி வைத்து மிளகுக் கொடியில் ஏறுவார். பெரிய ரோட்டோரத்தில் மிளகும் கராம்பும் வாங்குகிற கடை அவருக்கு. மூட்டை தூக்க ஆள் வரும்வரை பொறுக்க மாட்டார், தானே தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். சீனி இல்லை, பிரஷர் இல்லை, பல்லில் முக்கால்வாசி சொந்தப் பல்.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மருந்துதான் சொல்வார். "திங்களும் வியாழனும் வயித்தக் காயப் போடுங்க. அல்லாஹ்வும் பொருந்திக்குவான், டொக்டரும் பட்டினி கெடப்பான்."

வாலிபத்திலிருந்து அந்த இரண்டு நாள் நோன்பை அவர் விட்டதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் வியாழக்கிழமை. மாமியார் வீட்டில் கோழி அறுத்து விருந்து வைத்தபோது மாப்பிள்ளை நோன்பென்று சொல்லி எல்லோர் முகத்தையும் தொங்கப் போட்ட ஆள். அந்த உடம்புக்கு நோன்புதான் காரணமா, அவருடைய வாப்பா வழி வந்த எலும்பு காரணமா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஊர் நோன்பென்றது. அவரும் நோன்பென்றார். மனைவி நூருன்னிஸாவும் அப்படித்தான் நம்பினாள்.

அவளுக்கு இல்லாத வருத்தம் இல்லை, உடம்பில் நோவாத இடமில்லை. காலையில் மூன்று குளிசை, இரவில் நான்கு. அவர் அவளைக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பார். "ஒன்ன மண்ணுல வச்சி மூணு புடி மண் போட்டுட்டுத்தான் நான் வருவேன், நூரு. பயப்புடாத." வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருப்பாள். அவர் சொன்னால் அவளுக்கு அது ஆறுதல். தான் போன பிறகு இந்த மனுசன் நல்லபடியாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள்.

மறதி வந்தபோது அதை யாரும் நோயாக மதிக்கவில்லை. ஒரே மூட்டையை இரண்டு தரம் நிறுத்தார். ஸுப்ஹு தொழுத கையோடு மறுபடி கைகால் கழுவி வுழூ செய்யப் போனார். "வயசு போகப் போக இபாதத் கூடுது, மாஷா அல்லாஹ்" என்று பள்ளிவாசலில் மெச்சினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் ஒரு நாள் பள்ளிக்குப் புறப்பட்டவர் நாவுல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தெரிந்த கண்டக்டர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அத்தோடு கடையை மூடினார்கள். அடுத்த வளவில் குடியிருந்த மகள் நுஸ்ரா பகலெல்லாம் தாய் வீட்டிலேயே இருக்கத் தொடங்கினாள். தோஹாவில் வேலை செய்கிற மகன் ஸுஹைல், உம்மா வாப்பாவின் முகத்தைக் காட்டிப் பேச வேண்டுமென்று ஒரு ஃபோன் வாங்கி அனுப்பினான்.

றமழான் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதம்தான் அவர்களுக்கு லேசாக இருந்தது. ஊரே நோன்பு, அவரும் நோன்பு, எந்தக் குளறுபடியும் இல்லை. மகனின் பெயர் போய்விட்டது, விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு ஓதுகிற நிய்யத்து போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நமக்கு மையவாடி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநாளன்று புதுச் சாரம் உடுத்தி வட்டிலப்பம் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நூருன்னிஸா பிளேன்டியை நீட்ட, "நோம்பு" என்று கையைக் காட்டினார். பெருநாள் கழித்து ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் உள்ளதுதானே, பிடிக்கட்டும் என்று விட்டாள். ஆறும் முடிந்தது. அதற்கு மறுநாளும் நோன்பு. அதற்கு மறுநாளும் நோன்பு.

"இண்டைக்கி நோம்பில்லங்க. றமழான் முடிஞ்சிட்டு. பெருநாளும் போயிட்டு" என்றாள்.

"நோம்பாளிக்கு முன்னால சாப்பாட்ட நீட்டுறியே, வெக்கமில்லையா ஒனக்கு?" என்றார் அவர்.

பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஓர் ஈத்தம்பழம், நாலு கரண்டி கஞ்சி. அதற்குள் கண் சொருகிவிடும். ஸஹருக்கு எழுப்பினால் எழும்ப மாட்டார். நாலு கரண்டிக் கஞ்சியில் ஒரு மனுசன் எத்தனை நாள் ஓடுவார்? மூட்டை சுமந்த தோளில் எலும்பு தெரிந்தது. சாரம் இடுப்பில் நிற்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் நிதானமாகச் சொன்னார். மறதி நோய் முற்றிவிட்டது. தண்ணீர் போகாமல் சிறுநீரகம் வாடுகிறது. பகலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். முடியாவிட்டால் மூக்கால் குழாய் விட வேண்டி வரும். இப்படியானவர்கள் அதை இழுத்து எறிவார்கள், அப்போது கையைக் கட்டவும் வேண்டி வரலாம். நூருன்னிஸா அவருடைய கையைப் பார்த்தாள். மிளகுக் காம்பின் கறை இன்னும் விரலில் இருந்தது. 'இந்தக் கையைக் கட்ட நான் விட மாட்டேன். எப்படியாவது வாயால் ஊட்டுவேன்' என்று அங்கேயே மனதில் சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

சத்தியம் பண்ணுவது லேசு. ஊட்டப் போனால் பல்லை இறுக்கிக்கொள்வார். பள்ளி ஹஸ்ரத் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிக்கு நோன்பு கடமையில்லை ஹாஜியார், அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் என்று அழகாக எடுத்துச் சொன்னார். இவரும் "சரி ஹஸ்ரத், சரி ஹஸ்ரத்" என்று தலையாட்டினார். அவர் போனதும் நூருன்னிஸாவிடம் குனிந்து, "அந்த மனுசன் நோம்பு பிடிக்கிறல்ல போல. பாவம்" என்றார். நுஸ்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குசினிக்குப் போய் அழுதாள்.

சித்திரை மாதத்து மழை உங்களுக்குத் தெரியும்தானே. மத்தியானத்துக்குப் பிறகு மலைப்பக்கம் கறுத்து, சட்டென்று வீட்டுக்குள் லைட் போட வேண்டிய அளவுக்கு இருட்டிவிடும். அப்படி ஒரு நாள் இடியும் மழையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்டும் இல்லை. அந்த இருட்டில் அலுமாரி மேலிருந்து ஸுஹைல் அனுப்பிய ஃபோன் பாங்கு சொல்லத் தொடங்கியது. அது இன்னும் தோஹா நேரத்திலேயே கிடந்தது. அங்கே மத்தியானத்து லுஹராகும்போது இங்கே லுஹர் தொழுது நெடுநேரமாகியிருக்கும். தினமும் இந்த நேரத்தில் கத்துகிற சனியன் என்று நூருன்னிஸா அதை அணைக்க எழும்பினாள்.

கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஏந்தினார். நோன்பு திறக்கிற துஆவை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினார். பிறகு அவளைப் பார்த்து, "ஈத்தம்பழம் எங்க?" என்றார்.

கொடுத்தாள். கஞ்சி கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஒரு கோப்பை தண்ணீரை அவர் மடமடவென்று குடிக்கிற சத்தம் மழைச் சத்தத்துக்குள்ளும் அவளுக்குக் கேட்டது. சந்தோசத்தில் அவள் இன்னொரு கோப்பையும் வார்த்தாள். அந்தியில் மஃரிபுக்கு இன்னொரு தரம் நோன்பு திறந்தார். மத்தியானம் திறந்தது எங்கே ஞாபகம்!

நுஸ்ரா கெட்டிக்காரி. அடுத்த நாளே அறை ஜன்னலுக்குத் தடித்த கம்பளியைக் கட்டினாள். கதவிடுக்கில் சீலை வைத்து அடைத்தாள்.

"அல்லாட பாங்க வச்சி பொய் சொல்றதா, மகள்?" என்றாள் நூருன்னிஸா.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் முடிக்கிறாங்க. ஒரு பொய் சொல்லி எங்கட வாப்பாவுக்கு கஞ்சி ஊட்டக் கூடாதா, உம்மா?"

நூருன்னிஸாவுக்கு மனம் ஆறவில்லை. ஹஸ்ரத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "புத்தி தடுமாறினவருக்கு கேள்வி கணக்கில்ல, ராத்தா. ஊட்டுங்க. பாங்கு விசயம்... நீங்க என்கிட்ட கேக்கல்ல, நானும் ஒண்டும் சொல்லல்ல" என்றார். நல்ல மனுசன். ஆனால் அந்தப் பாரத்தை அவள் தலையிலேயே வைத்து அனுப்பிவிட்டார்.

மத்தியானமானால் அறையை இருட்டாக்குவார்கள். ஃபோன் பாங்கு சொல்லும். அவர் கை ஏந்துவார். நூருன்னிஸா மனதுக்குள் "அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊட்டுவாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டதென்று நினைக்குமாம்; இவள் அவருடைய கண்ணை மூடினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு சந்தேகம். "யாரு இது, புது மோதினாரா? பஸீருக்கு என்ன?" என்றார். ஃபோனில் ஓதியது யாரோ அரபி. குரல் தேன் மாதிரி. பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் பஸீருடைய குரல் அப்படியல்ல, நடுவில் ஒரு கரகரப்பு உண்டு. அன்று அவர் இரண்டு கரண்டிக்கு மேல் வாய் திறக்கவில்லை. பயந்துபோன நூருன்னிஸா, அந்தியில் நுஸ்ராவைப் பள்ளி மதிலோரம் அனுப்பி, பஸீர் சொன்ன மஃரிப் பாங்கை ஃபோனில் பதிந்து எடுக்க வைத்தாள். மறுநாள் மத்தியானம் பஸீரின் கரகரத்த குரல் அறைக்குள் கேட்டதும் ஹாஜியார் முகம் மலர்ந்தது. "சொகமாகிட்டார் போல, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஒரு பீங்கான் கஞ்சியையும் முடித்தார்.

கன்னத்தில் சதை வைத்தது. ஆஸ்பத்திரியில் டொக்டரே, "நல்லம், இப்படியே போகட்டும்" என்றார். வீட்டுக்குப் பார்க்க வந்த சனம், "இந்த வருத்தத்திலயும் நோம்ப விடல்ல பாருங்க. அந்த பறக்கத்துதான் ஒடம்பத் தேத்துது" என்று கண் கலங்கிப் போனது. நூருன்னிஸா கம்பளி கட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கு நுஸ்ரா மருந்தெடுக்க மாத்தளைக்குப் போயிருந்தாள். போகும்போதே, "உம்மா, பாங்கு போட முந்தி அந்த பிளேன் படத்த அமத்துங்க, கோல் ஒண்டும் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நூருன்னிஸா கஞ்சியை ஆற வைத்தாள், கம்பளியைச் சரி பண்ணினாள், கதவிடுக்கை அடைத்தாள். பிளேன் படத்தை மறந்துவிட்டாள். மறதி அவருக்கு மட்டும்தான் வர வேண்டுமென்று சட்டமா?

பஸீரின் குரல் எழும்பியது. அவர் பழத்தை வாயில் போட்டார், கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கியது. "ஹய்ய அலஸ்..." என்ற இடத்தில் பாங்கு அறுந்து, ஃபோன் பாட்டோடு அடிக்கத் தொடங்கியது. நூருன்னிஸா பதறி எதையோ அமத்த, ஸுஹைலின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உம்மா, வாப்பா பகல் சாப்பாடு சாப்புட்டாங்களா?"

அதைக் கேட்கத்தான் பிள்ளை வேலைக்கு நடுவில் எடுத்திருக்கிறான்.

ஹாஜியார் எழும்பினார். ஜன்னலுக்குப் போய் கம்பளியைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு கழன்று வந்தது. வெளியே சுட்டெரிக்கிற உச்சி வெயில். முற்றத்தில் பாயில் காயப்போட்ட கராம்பு, அதற்கு மேல் வெயில், எதிர்வீட்டுத் தகரக் கூரையில் வெயில். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையெல்லாம் பார்த்தார். பிறகு இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார்.

பழமும் கஞ்சியும் வந்த பிறகும் அவர் விடவில்லை. பச்சைத் தண்ணீராக வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தாள், முடியவில்லை. எல்லாம் ஓய்ந்து, தரையில் உட்கார்ந்து, அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மாதக்கணக்கில் அவளை 'யாரோ பொம்புள' என்று பார்த்துக்கொண்டிருந்த கண் அது. இப்போது அதில் எல்லாம் தெளிவாக இருந்தது.

"நூரு," என்றார். "நீயா?"

அவள் பெயரை அவர் வாயால் கேட்க வேண்டுமென்று அவள் எத்தனை ராத்திரி துஆக் கேட்டிருப்பாள். இப்படியா கிடைக்க வேண்டும்?

"என்ன மன்னிச்சிக்கங்க" என்று காலைப் பிடித்தாள். "நீங்க மௌத்தாகிடுவீங்கண்டு பயத்துலதான்..."

"எத்தின நாளா?" என்றார்.

அவள் அவருடைய காலில் முகத்தைப் புதைத்தாள். அவர் சத்தமில்லாமல் அழுதார். ஓர் ஆண்பிள்ளை, எழுபத்தெட்டு வயது, சட்டையில் வாந்தியோடு உட்கார்ந்து அழுவதைப் பார்க்கிற விதி யாருக்கும் வேண்டாம்.

அந்திக்குள் மறந்துவிடுவார் என்று அவள் நம்பினாள். எதைத்தான் மறக்கவில்லை அந்த மனுசன்? கடையை மறந்தார், பெற்ற பிள்ளையை மறந்தார், ஹஜ்ஜுக்குப் போய் வந்ததைக்கூட மறந்தார். பொழுது சாய முன்னமே அவளையும் மறுபடி மறந்துவிட்டார். "இங்க யாரும் இல்லையா?" என்று அவளிடமே கேட்டார். அவளுக்கு மூச்சு வந்தது. வாந்தியும் அதோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைச் சூடாக்கினாள்.

பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னது. உண்மையான பாங்கு, உண்மையான நேரத்தில். அவள் பழத்தை அவர் உதட்டில் வைத்தாள்.

அவர் கை ஏந்தவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"பாங்கு சொல்லிட்டாங்க. பஸீர்தான் சொல்றார், கேளுங்க" என்றாள்.

"அது பொய்ப் பாங்கு."

"இல்ல, அல்லாஹ் மேல சத்தியம், பள்ளியிலதான் சொல்றாங்க!"

"எங்கட நோம்ப முறிக்கிறதுக்கு அப்படிச் சொல்வாங்க," என்றார், ஏதோ தெரியாத ஊருக்கு வந்தவளுக்கு விளக்குவது போல.

என்ன அநியாயம் பாருங்கள். யார் பொய் சொன்னது என்பது போய்விட்டது. எப்போது, எதற்கு என்பதும் போய்விட்டது. பொய் மட்டும் நின்றுவிட்டது. பொய்க்கு முந்தியும் ஒரு நாளைக்கு ஒரு தரம் அவர் வாய் திறக்கிற நேரமாக இருந்தது அந்த மஃரிப் ஒன்றுதான். அதையும் அவள் கையாலேயே மூடிவிட்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாய் விட்டார்கள், இழுத்தார். மறுபடி விட்டார்கள். பேண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, மெதுவாகத்தான் கட்டினார்கள். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். கட்டிய கையோடு தொண்டையைக் குமட்டிக் குமட்டி அவர் நோன்பைக் காப்பாற்றப் பார்த்தார். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. கடைசியில் டொக்டர், "வீட்டுக்குக் கொண்டு போறதெண்டா கொண்டு போங்க, உம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்த அன்று அந்தியில் அவள் ஒரு கடைசி வேலை பார்த்தாள். பஸீருக்கு ஆளனுப்பினாள். அவர் பள்ளியில் பாங்கு சொல்லி, தொழுத கையோடு ஓடி வந்தார். ஹாஜியாரை ஒரு கதிரையில் வைத்து முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். பஸீர் அவருக்கு நேரே நின்று, காதில் விரலை வைத்து, கண்ணீர் வழிய வழிய முழுப் பாங்கையும் சொன்னார். ஹாஜியார் ஒவ்வொரு வரிக்கும் அடங்கிய குரலில் பதில் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"இப்ப நம்புறீங்களா?" என்றாள் நூருன்னிஸா. "வானத்தப் பாருங்க. இருட்டிட்டு. வெள்ளியும் தெரியுது. நோம்பத் திறங்க."

அவர் அண்ணாந்து வானத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பார்த்தார்.

"துணி கட்டியிருக்காங்க" என்றார்.

பஸீர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். நுஸ்ரா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நூருன்னிஸா மட்டும் பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். எந்தச் சத்தியத்தைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து வந்தால் அது பொய்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய கை அவள் தலையில் வந்து தங்கியது. கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய தழும்பு இருந்தது. அவளை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி பசியோடு பக்கத்தில் இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

"நீங்களும் நோம்பா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஓ" என்று தலையசைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. நானும் பொறுத்துக்கொண்டுதானே இருக்கேன்." உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது, அதை நாக்கால் தொடக்கூட இல்லை அவர். "உண்மையான பாங்கு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம்."

"சரிங்க" என்றாள் நூருன்னிஸா.